மத்தர் கடைக் கீழ்த்தட்டு

முல்லன்காரா,
நியூ சவுத் வேல்ஸ்.
3 மார்ச் 2011, வியாழன்.

அன்புள்ள நோலீனுக்கு,

வலது முழங்காலைத் தவிர நான் சுகம். உன் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, கைத்தடியை விட்டாயா என்பதை முதல் வரியிலேயே எழுது. போன கிறிஸ்துமஸ் அட்டையில் கடல் பற்றியும் காற்று பற்றியும் எழுதிவிட்டு இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் தவிர்த்த மாதத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. போகிற வயதில் இங்கே மிச்சம் இருப்பதே பத்துப் பேர்தான். கடையைத்தான் கொடுக்கிறேன். பாதர்ஸ்டில் என் தம்பி மகள் வீட்டில் ஓர் அறை காலி செய்து வைத்திருக்கிறாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி ஏணியில் ஏறித் தேயிலை டப்பா எடுக்க முடியாது.

முதலில் ஒரு பெட்ரோல் பங்க்காரன் கேட்டான். இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டு நாலு குழாய் நடுவானாம். நான் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அதற்குள் வட்டாரக் கவுன்சிலுக்கு ஞானோதயம் வந்து, இது பாரம்பரியக் கட்டடம், பட்டியலில் சேர்க்க வேண்டும், ஊர் அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றும் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெயர் டெஸ்ஸா. முப்பது வயதுகூட இருக்காது. வந்த அன்றைக்கே நம் நீள மேசைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் படம் எடுத்தாள். பூ அச்சு வைத்த தகரக் கூரை இந்த மாகாணத்தில் இவ்வளவு முழுசாக நாலு இடத்தில்தான் இருக்கிறதாம். நாற்பது வருஷம் அதில் ஒட்டடை அடித்தவள் நான், எனக்கு யாரும் சொல்லவில்லை.

வராந்தாத் தூணில் பல்லுப் பல்லாகக் கடிபட்ட இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். டெஸ்ஸா அதைத் தடவிப் பார்த்து, "இது பயன்பாட்டுச் சுவடு, ரொம்ப முக்கியம்" என்றாள். அது ஓரெல் பிக்கட்டின் நாய் கடித்தது என்று சொன்னேன். நாயின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவள் கையில் ஒரு படிவம். வரலாற்று மதிப்பு, அழகியல் மதிப்பு, சமூக மதிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. "உங்க மனசுல இந்தக் கடையோட மதிப்பு என்ன?" என்று கேட்டாள். "வாங்க வந்தவங்களக் கேக்கணும் பொண்ணே. வித்தவள்ட்ட கேட்டா அவ கூட்டித்தானே சொல்லுவா?" என்றேன். சிரித்தாள். ஆனால் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அவள் போன பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் எல்லாம் வருகிறது. தவிடு, மண்ணெண்ணெய், பாலாடைக்கட்டி, புதுச் சேணத் தோல், நாலும் கலந்த அந்த வாசனை இன்னும் தரைப்பலகையில் இருக்கிறது. மழை நாளில் மேலே எழும்பும். காசும் ரசீதும் சுமந்து தலைக்குமேல் கம்பியில் ஓடுமே அந்த மரக் கிண்ணம், வியாழக்கிழமைகளில் விர் விர் என்று அலுவலக மாடத்துக்கும் மேசைக்கும் பறந்தபடி இருக்கும். நீ வாயைப் பிளந்து அதையே பார்ப்பாய், உன் அப்பா க்ளாரி உன் தலையைப் பிடித்துக் கீழே திருப்புவார். கிஸ்மிஸ் பெட்டிக்குள் கைவிட்டு நீ மாட்டிக்கொண்டதும், உடைந்த பிஸ்கட்டை நமக்கென்று என் அப்பா காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததும் அங்கேதான். பின்பக்கம் அம்மா தயிரைத் துணியில் கட்டித் துணிக்கொடியில் தொங்கவிட்டதைப் பார்த்து, லெபனான்காரி எதையோ கொன்று தொங்கவிட்டிருக்கிறாள் என்று ஊரில் பேசியது, நீ வந்து சொன்னதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா கோபிக்கவில்லை. அடுத்த வியாழன் அதில் கொஞ்சம் எடுத்து ரொட்டியில் தடவி, புதினா வைத்து உன் வாயில் திணித்தாள்.

டெஸ்ஸா கடையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு அட்டை கட்டுகிறாள். துணி அளக்க மேசையில் அடித்த பித்தளை ஆணி வரிசைக்குப் பன்னிரண்டு. மாவுத் தொட்டிக்கு நாற்பத்தொன்று. இப்படியே வந்து மேசைக்கு அடியில் குனிந்தவள், "இது என்ன?" என்றாள். கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு நான் சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பண்ணைக்காரர்கள் வாரம் ஒருமுறைதான் ஊருக்கு வருவார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டியதை மத்தர் கடையில் விட்டுப் போவார்கள். மேலே பென்சிலில் பெயர். வேண்டியவர் மேசைமுன் வந்து நின்று "எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் அப்பா குனிந்து எடுத்துக் கொடுப்பார். கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். பெயருக்கு உரியவர் தவிர புருஷனோ பெண்டாட்டியோ வந்தாலும் கொடுக்கமாட்டார். கடை திறந்த முதல் வருஷம் அப்பா, அதுவரை மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்ற மனிதர், பாதி ஆங்கிலம், நல்லெண்ணத்தில் ஒரு வாலிபனைக் கூப்பிட்டு, லில்லி பெண் உன் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பையன் அந்த வாரமே வட்டாரத்தைவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே வேதம். "கேக்காதவன்கிட்ட சொல்லாத. அசலூர்க்காரனுக்கு வாய்தான் மொத எதிரி." அந்த வாய் மூடியதால்தான் இந்த ஊர் எங்களை நம்பியது.

கீழ்த்தட்டில் இப்போது ஏழு பொட்டலம் மிச்சம். பல் செட்டு ஒன்று, சிட்னியில் பழுது பார்த்து வந்தது. வெஸ்லி தாத்தா அதற்குள் பல் தேவைப்படாத இடத்துக்குப் போய்விட்டார். ஃபிடில் தந்தி ஒரு சுருள். கல்யாணத் தொப்பி ஒன்று, கல்யாணம் நடக்கவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் கல்லறையில். ஒருவர் உயிரோடு இருக்கிறார். அந்தப் பொட்டலத்துக்கு எண் இருநூற்றுப் பதினாலு. இதற்குமேல் நான் எழுதக்கூடாது, உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் சேர்ப்பதற்கு ஊர்விட்டுப் போனவர்கள் கடிதம் எழுதிக் கொடுத்தால் கவுன்சிலில் எடுபடுமாம். நீ ஒன்று எழுது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் பரிசு வாங்கியவள். எழுதும்போது என்னிடம் ஏதாவது கேட்கத் தோன்றினால் கேள், நோலீன். எதை வேண்டுமானாலும் கேள். கூச்சப்படாதே.

உன் பிள்ளைக்கு என் ஆசி. கர்த்தர் உன் இடுப்பைக் காக்கட்டும்.

என்றும் உன்,
செல்மா மத்தர்


முல்லன்காரா,
31 மார்ச் 2011.

அன்புள்ள நோலீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைத்தடியைச் சமையலறையில் மட்டும் மறந்து வைப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் நடக்கிறாய் என்று அர்த்தம், சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கேட்காதே.

செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூடியது. ஓரெலின் மருமகன் கோட்டுப் போட்டு வந்திருந்தான், அதிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்துகொள். மாதர் சங்கத்தார் கேக்கோடு வந்துவிட்டார்கள். எதிர்ப்பு சொன்னவர் ஒருவர் எழுந்து, பழைய கடை ஒன்றுக்கு ஊர்ப் பணத்தைக் கொட்ட வேண்டுமா, அதில் இருப்பதெல்லாம் தூசியும் தகரமும்தானே என்றார். அவர் ஒன்பது வயதில் எங்கள் கடை முன்னால் கால்சட்டையில் ஒன்றுக்கு அடித்துவிட்டு அழுதபோது என் அம்மாதான் வேறு கால்சட்டை கொடுத்து அனுப்பினாள். நான் எழுந்து சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, கீழே நோலீன் என்று மட்டும் போட்டிருந்த உன் கடிதத்தை டெஸ்ஸா படித்தாள். மரக்கிண்ணம் பறந்ததைப் பற்றி நீ எழுதியதில் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், அங்கே கவுன்சில் கட்டடத்தின் மின்விசிறிதான் இருந்தது. என் அம்மாவின் புதினா ரொட்டி வந்ததும் நான் கைக்குட்டையைத் தேடினேன். கடைசி வரி இருக்கிறதே, "மத்தர் கடையில் கேட்டால் கிடைக்காதது என்று ஒன்று இருந்ததில்லை" என்று எழுதியிருந்தாய். கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. எனக்கு உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. நீயே எழுதியிருக்கிறாய், அப்புறமும் கேட்கமாட்டேன் என்கிறாயே.

ஆறுக்கு மூன்று என்று வென்றோம். ஏப்ரல் முப்பது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுக்கிறேன். அந்த நிமிடம் கடைக்குள் என்ன இருக்கிறதோ அத்தனையும் அறக்கட்டளைக்குச் சொந்தம். ஓர் ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழ்த்தட்டுப் பொட்டலங்களைப் பற்றித் தனியாகக் கேட்டேன். "உரியவங்க நேர்ல வந்து கேட்டா, அஞ்சு மணிக்குள்ள குடுத்துடலாம். அதுக்கப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும்" என்றாள் டெஸ்ஸா. பிரிக்கமாட்டார்களாம். பிரிக்காத பொட்டலம் என்றால் பார்க்க வருகிறவர்களுக்கு ஆர்வம் வருமாம். அதை அவள் நல்ல செய்தி மாதிரிச் சொன்னாள்.

இருநூற்றுப் பதினாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல ஒருத்தரும் இந்த ஊர்ல இருந்ததே இல்லையே, பதிவேடெல்லாம் பாத்துட்டேன்" என்றாள். "இல்லதான்" என்றேன். அட்டையில் 'உரிமையாளர் தெரியவில்லை' என்று எழுதினாள்.

சாவி கொடுக்கும் நாளுக்கு நீ வா. ரயிலில் வர இடுப்பு இடம் கொடுக்காவிட்டால் விமானத்தில் சிட்னி வந்து இறங்கு, என் தம்பி மகள் காரில் கூட்டிவருவாள். தங்க என் வீட்டு முன்னறை இருக்கிறது. வந்து மேசைமுன் நின்று, சின்ன வயதில் நாம் விளையாட்டுக்குக் கேட்போமே, அதைக் கேள். அவ்வளவுதான் சொல்வேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
செல்மா


முல்லன்காரா,
14 ஏப்ரல் 2011, வியாழன்.

அன்புள்ள நோலீனுக்கு,

செவ்வாய்க்கிழமை உன் பதில் வந்தது. வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இடுப்பு காரணம் இல்லை, அதையும் நேர்மையாக எழுதிவிட்டாய். அந்த ஊருக்குக் கடைசியாக வந்தது ஒருவரைப் புதைக்க, அவர் எனக்கென்று ஒரு குண்டூசிகூட விட்டுப்போகவில்லை, ஓர் இழுப்பறை நிறையப் பூட்ஸ் கயிறுதான் இருந்தது, பிரிக்காத ஜோடி ஜோடியாக, கஞ்சத்தனத்தின் கடைசி அறுவடை, அதைப் பார்த்தபின் அந்த மண்ணில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறாய்.

நின்றுகொண்டே படித்தேன். பிறகு தவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் நாற்காலி இருக்கிறதே, எண் அறுபத்தெட்டு, அதில் உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்று டெஸ்ஸா சொல்லியிருக்கிறாள். இனி நான் வாயைத் திறக்கிறேன். அப்பா மன்னித்தால் மன்னிக்கட்டும், இல்லாவிட்டால் நான் மேலே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

இருநூற்றுப் பதினாலு உன்னுடையது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ டெஸ் ஹான்ரஹானைக் கட்டிக்கொண்டு போனபோது உன் அப்பா மெதடிஸ்ட் கோயில் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தியம் பண்ணினார். கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டவளுக்கு நானாக ஒரு வரி எழுதமாட்டேன், நானாக ஒரு சல்லி அனுப்பமாட்டேன் என்றார். மறுநாள் எங்கள் கடைக்கு வந்து மாவு வாங்கினார். நாங்களும் கத்தோலிக்கர்தான். எங்கள் கையால் மாவு வாங்கலாம், எங்கள் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, அதுதான் க்ளாரி ட்ரான்டர்.

1970 கிறிஸ்துமஸுக்கு நீ எனக்கு அனுப்பிய அட்டையில் ஒரு குழந்தைப் படம். பின்னால் உன் கையெழுத்து. "க்ளாரென்ஸ், ஏழு வாரம். அப்பா கேட்டால் காட்டு. கேட்காவிட்டால் காட்டாதே." அப்பன் புத்தி மகளுக்கு அப்படியே. அவர் வியாழன் தோறும் பதினொரு மணிக்கு வருவார். தேயிலை, புகையிலை, ஆட்டு மருந்து. உன்னைப் பற்றிக் கேட்கவே மாட்டார். இரண்டு வியாழன் பொறுத்தேன். மூன்றாவது வியாழன், படத்தைப் புகையிலை டப்பாவுக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரிகிற மாதிரி மறந்து வைத்துவிட்டு, பின்கட்டில் இல்லாத பொருளைத் தேடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். "எம் பேர வெச்சிருக்கா" என்றார். என்னிடம் சொன்னாரா, படத்திடம் சொன்னாரா தெரியாது. தேயிலையை எடுக்க மறந்து போய்விட்டார்.

அடுத்த வியாழன் எட்டரைக்கே வந்தார், கடையில் ஈ காக்கை இல்லாத நேரம். தொப்பியைக் கழற்றினார். எங்கள் கடையில் அவர் தொப்பி கழற்றி நான் பார்த்ததில்லை. "ஒங்க ஆளுங்க கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப என்ன துணி போடுவாங்க செல்மா?" என்று கேட்டார். வெள்ளை, நீளமாக, காலுக்குக் கீழே தொங்கும் என்றேன். "நடக்கவே தெரியாத பயலுக்கு அவ்வளவு நீளம் எதுக்கு?" என்றார். பிறகு, "சரி, ஒங்க வழக்கம் என்னவோ அப்படியே குடு" என்றார். நல்ல மெல்லிய மல் துணி மூன்று கஜம் அளந்தேன். அந்தப் பித்தளை ஆணியில்தான் அளந்தேன், எண் பன்னிரண்டு. பின்னல் ஓரப்பட்டி அவரே தேர்ந்தெடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கைக் காய்ப்பில் நூல் மாட்டிக்கொள்ளும், எடுத்துவிடுவேன், மறுபடி மாட்டும். "பொம்பளைங்க எப்படித்தான் இதத் தொடறாங்களோ" என்று முணுமுணுத்தார்.

பழுப்புத்தாளில் சுற்றிச் சணல் கயிறு கட்டினேன். பென்சிலை நாக்கில் நனைத்து அவர் கையால் பெயர் எழுதினார். ட்ரான்டர் என்று எழுதவில்லை. 'என். ஹான்ரஹான்' என்று எழுதினார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, எழுதிப் பார்த்தது இந்த ஒரு தடவைதான். "நான் அனுப்பமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். ஆனா ஒங்க கடையில வெக்கமாட்டேன்னு சொல்லல. அவளா வந்து கேட்டா குடு. நீயா சொல்லாத" என்றார். வாக்குக் கொடுத்தேன். எங்கள் வீட்டு வேதமும் அதுதானே, எளிதாகக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பூட்ஸ் கயிறு. அது அந்தக் கீழ்த்தட்டில்தான் இருக்கும், பொட்டலங்களுக்குப் பக்கத்தில். மாதம் ஒருமுறை உன் அப்பா பூட்ஸ் கயிறு கேட்பார். நான் குனிவேன். அவர் மேசைமேல் சாய்ந்து எட்டிப் பார்ப்பார். பொட்டலம் இருக்கிறதா, போய்விட்டதா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். இருக்கும். முகம் விழும். கயிறை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். பன்னிரண்டு வருஷம், நோலீன். நீ பார்த்தது கஞ்சத்தனம் இல்லை.

1983 ஆகஸ்டில் உன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது நீ கடைக்கு வந்தாய். ஆஸ்பிரின் கேட்டாய். வெளியே காரில் உன் புருஷன் டெஸ், பின்னால் உன் பையன், க்ளாரியின் அதே காது. என் கை மேசைக்கு அடியில் அந்தப் பொட்டலத்தின் மேல்தான் இருந்தது. கடையில் மெதடிஸ்ட் மாதர்கள் இருந்தார்கள், அடக்கத் தேநீருக்குச் சர்க்கரை வாங்க வந்தவர்கள். நாற்காலியில் என் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்பது வயது, இருந்தும் அவருக்குப் பயந்தேன். "வேற ஏதாவது வேணுமா?" என்று உன்னிடம் கேட்டேன். இல்லை என்றாய். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது எரிச்சலாகப் பார்த்து, "வேற ஒண்ணும் இல்ல செல்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். கார் முனை திரும்பும்வரை கை அங்கேயே இருந்தது.

உன் அப்பாவுக்காக ஒரு படத்தை மறந்து வைக்கத் தெரிந்தது எனக்கு. உனக்காக ஒரு பொட்டலத்தை மறந்து வைக்கத் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். அதன்பிறகு யாருக்குப் பயந்தேன்? யாருக்கும் இல்லை. இருபத்தைந்து கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். முதலில் வாக்கு என்று நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததை எப்படிச் சொல்வது என்ற வெட்கம். வருஷம் கூடக்கூட வெட்கமும் கூடியது. வாயை மூடியிருந்ததற்கு இந்த ஊர் எங்களை மெச்சியது, நானும் மெச்சிக்கொண்டேன். அதன் செலவை நீயும் உன் அப்பாவும் கொடுத்தீர்கள்.

தபாலில் அனுப்பலாமே என்பாய். நேரில் வந்து கேட்பவருக்குத்தான் என்று நான் கையெழுத்திட்டது ஒரு பக்கம். தாள் சருகாக இருக்கிறது, தபாலில் உரசினால் பொடிந்துவிடும், அவர் எழுதிய பெயர் முதலில் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். உண்மை என்னவென்றால், நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பது வயதுக் க்ளாரென்ஸுக்கு இனி ஞானஸ்நான உடை தைக்க முடியாது. அவனுக்குப் பேரன் பேத்தி வரும், அப்போது தைத்துக்கொள். மல் துணி நன்றாகவே இருக்கும், பூச்சி வராமல் வருஷா வருஷம் பச்சிலை வைத்திருக்கிறேன்.

டெஸ்ஸாவின் படிவத்தில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. கூரையையும் ஆணியையும் அவள் எழுதிவிட்டாள். நான் நிரப்ப வேண்டியது அந்தக் கீழ்த்தட்டு. அதற்கு மதிப்பு இருந்ததா, அது ஒரு பாவமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நீ வந்து நின்றால் தெரியும். சனிக்கிழமை முப்பதாம் தேதி, ஐந்து மணிவரை மேசைக்குப் பின்னால் நான்தான் நிற்பேன். கதவு திறந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கமே நின்றவள். மத்தர் வீட்டாருக்கு என்று கீழ்த்தட்டில் யாரும் எதுவும் வைத்துவிட்டுப் போனதில்லை, நாங்களும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காதவருக்குக் கிடையாது என்பது எங்கள் விதியென்றால் நானும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இவ்வளவும் படித்த பிறகு, நோலீன், உன்னிடம் எனக்கு ஏதாவது இருக்கா?

உன்,
செல்மா